குழாய்த் தெரு

எங்கள் வீட்டின் உயரம் இரண்டு மீட்டர் எண்பத்தைந்து.
முன்கண்ணாடிக்கு மேலே யோரிஸ் எழுதி ஒட்டியிருக்கிறான்,
நினைவில்லாமல் எந்த வளைவுக்குள்ளும் நுழைந்துவிடக் கூடாதென்று.
ஏவொராவின் மதிலில் வாசல்கள் பல.
ஒன்றுக்கும் எங்களைப் பிடிக்கவில்லை.
ஆகவே மதிலுக்கு வெளியே, புழுதி மைதானத்தில்,
ஒரு ஜெர்மன் வண்டிக்கும் கிழிந்த சர்க்கஸ் விளம்பரத்துக்கும் நடுவே
கைபிரேக்கை இழுத்தோம்.
இடது சக்கரத்தடியில் கட்டை கொடுத்தோம்.
கொடுக்காவிட்டால் உடைத்து ஊற்றும் முட்டை
வாணலியின் ஒரே ஓரத்துக்கு ஓடும்.

ஜூலை. பத்து மணிக்கே கல் சுடுகிறது.
ரோமானியர் கோயிலில் பதினான்கு தூண்கள்,
கூரை இல்லை, சாமி இல்லை.
இடையில் வெகுகாலம் கசாப்புக்கூடமாக இருந்ததாம்.
யோரிஸ் புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படிக்கிறான்.
நான் தூண்களை எண்ணுகிறேன்.
சரியாகத்தான் இருக்கிறது.

எலும்புச் சிற்றாலயத்தில் வரிசை.
சுவர் முழுக்கத் தொடையெலும்பும் மண்டையோடும்,
கொத்தனார் செங்கல் வைத்த நேர்த்தி.
உள்ளே போகிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்துகிறார்கள்.
சாவை நினைக்கவென்றே கட்டிய இடம்.
எனக்கோ
நினைப்பெல்லாம் வண்டியின் தண்ணீர்த் தொட்டியில்.
காலையில் குழாயைத் திறந்ததும் அது இருமியது.
மூன்று இருமல், அப்புறம் வெறும் காற்று.
பற்பசை நுரையோடு நின்றுகொண்டிருந்தேன்.

கதீட்ரலின் கூரைமேல் ஏறி நடக்கலாம்.
முகப்பின் இரண்டு கோபுரங்களும்
பாகப்பிரிவினைக்குப் பின் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி மாதிரி
ஆளுக்கொரு சாயல்.
அங்கிருந்துதான் பார்த்தோம்:
வறண்ட வயல்களிலிருந்து ஊருக்குள் நடந்து வரும்
கல் கால்வாயை.
பதினாறாம் நூற்றாண்டு, என்றான் யோரிஸ்.
தண்ணீர், என்றேன் நான்.

ஊருக்குள் வரவர அதன் கால்கள் குட்டையாகின்றன.
ருவா தோ கானு, குழாய்த் தெரு.
ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு வீடு.
கதவு, கதவெண், திரைச்சீலை,
பூட்டிய சைக்கிள், டிஷ் ஆன்டெனா.
ஒருத்தி வாசலில் மிதியடியை உதறிக்கொண்டிருந்தாள்.
யோரிஸுக்குத் தெரிந்த போர்த்துகீசியம் பன்னிரண்டு சொல்,
அதில் எட்டு ரொட்டி வகை.
மிச்சமிருந்ததில் ஒன்றைச் சொன்னான்.
"தண்ணீரா?"
தலைக்கு மேலே போகும் கல்லைக் காட்டிச் சிரித்தாள்,
அதனிடம் கேளுங்கள் என்பதுபோல்.

வெயில் இறங்கியதும் வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தோம்.
இடலீனா, அதுதான் அவள் பெயர், சமையலறை ஜன்னல் வழியாக
பச்சை ஹோஸ் ஒன்றை நீட்டினாள்.
எட்டவில்லை.
பக்கத்து வளைவிலிருந்து பெல்மீரோ என்பவர்
பனியனோடு வந்து தன் மஞ்சள் ஹோஸைக் கொடுத்தார்.
இரண்டையும் துணிப்பட்டையால் கட்டினோம்.
முடிச்சிலிருந்து பீறிட்டது.
யாருடைய நாயோ வந்து அங்கேயே நின்று நக்கியது.
தெருவில் போன சுற்றுலாக்காரர் ஒருவர்
கால்வாயைப் படமெடுக்க
எங்களைக் கொஞ்சம் நகரச் சொன்னார்.

தொட்டி நிரம்பும்வரை இடலீனா வண்டியைச் சுற்றிப்பார்த்தாள்.
அலமாரியைத் திறந்தாள், மெத்தையை அமுக்கினாள்,
சுவரை விரல்முட்டியால் தட்டினாள்.
அட்டை மாதிரி ஒலித்தது. உதட்டைப் பிதுக்கினாள்.
அவள் சுவரில் ஆணி இறங்காதாம்.
கைகளை அகல விரித்துக் காட்டினாள், அவ்வளவு கனம்.
பத்தொன்பது வருஷமாக ஒரு படம்கூட மாட்டவில்லை,
கல்யாணப் படமும் நாற்காலிமேல்தான்.
எங்கள் சுவரிலும் ஆணி கூடாது,
அடித்தால் மறுபுறம் மழை வரும் என்று சொல்ல நினைத்தேன்.
சொல் இல்லை.
குளிர்பெட்டியின் காந்தங்களைக் காட்டினேன்.
கென்ட் நகரத்து மணிக்கூண்டு ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தேன்.

ஐந்து யூரோவும் கொடுத்தோம்.
மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.
அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் எல்லை தாண்டி, பதாஹோஸுக்கு அப்பால்,
லாரிகள் நிற்கும் இடத்தில் தேநீர் வைத்தேன்.
முதல் வாயிலேயே யோரிஸ் முகத்தைச் சுளித்தான்.
"ரப்பர்."
மோந்து பார்த்தேன். ஆமாம், ரப்பர்தான்.
பச்சையா மஞ்சளா, தெரியவில்லை.
இன்னும் எழுபது லிட்டர் இருக்கிறது.