‘முகப்பு’ என்ற சொல்லுக்கு விளக்கம்

பழைய விதிப்புத்தகத்தில்
முகப்பு என்றால் வீதியிலிருந்து தெரியும் பக்கம்.
அவ்வளவுதான்.
பதினாறு வருடம் அது போதுமாயிருந்தது.
சுண்ணாம்புப் பூச்சு, தேக்குச் சட்டம்,
பெயர்ப்பலகை எழுத்து ஓரடிக்கு மேல் போகக் கூடாது.
பின்னால் இருப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

திருத்தும் வேலை என் மேசைக்கு வந்தது.
கோயம்புத்தூரில் நூற்றுப் பதினொரு கட்டடங்கள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம்.
நாற்பத்திரண்டாவது, பஞ்சுக்கிடங்கு வீதி காப்பி கிளப்.
மில் சங்குக்கு முன்னால் திறந்து
கடைசி ஷிப்டுக்கு அப்புறம் சாத்திய இடம்.
இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

டேப்பின் ஒரு முனை என்னிடம்.
மறுமுனை மாசாணியிடம். தினக்கூலி,
படிவத்தில் கையெழுத்துப் போட இடமில்லாதவள்.
பின்சந்தில் சாக்கடைக்கு இருபுறமும் கால் வைத்து நின்றோம்.
சுவரில் ஒரு சதுரம், ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம்.
‘காற்றோட்டத் துளை’ என்று எழுதினேன்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
“காத்து அந்தப் பக்கமுங்க”
என்று மேற்கே தலையசைத்தாள்.
உண்மைதான். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
ஊரையே மேற்கிலிருந்துதான் தள்ளும்.
இது கிழக்குப் பார்த்தது. இடுப்புயரம்.
எந்தக் கொத்தன் காற்றுக்கு
இடுப்புயரத்தில் வழி விடுவான்?
அடியில் ஒரு கடப்பைக் கல்,
வெளிப்பக்கமாகச் சரிவு,
சிந்தியதில் ஒரு சொட்டும் உள்ளே திரும்பாதபடி.
நல்ல வேலைப்பாடு. சொல்லித்தான் ஆகவேண்டும்.

“ஆழம்?” என்றேன்,
வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.
டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு
இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து உள்ளே விட்டாள்.
“முழங்கை வரைக்கும் போகுதுங்க.”
உடனே எடுத்துவிட்டாள்.
துப்பட்டாவில் நெடுநேரம் துடைத்தாள்.

என் அப்பா அந்தக் கிளப்பின் முன்வாசலில் நுழைந்து
சலவைக்கல் மேசையில் ரவா தோசை தின்றவர்.
எங்கள் வீட்டில் இன்னும் சுடச்சுட இருக்கும் கதை.
அதில் பின்சுவர் வராது.

கூட்டத்தில் உரிமையாளர் சென்னியப்பன்
“ஏசிக் குழாய்க்கு அது தோதுங்க” என்றார்.
மூலநிலைக்கு மீட்கலாம், செங்கல் வைத்து,
பூச்சுத் தெரியாமல், என்றார் ஆலோசகர்.
மூலநிலையே அதுதான், என்றேன்.
சுவரோடு சேர்த்துக் கட்டிய துளை,
பிற்பாடு உடைத்ததல்ல.
ஒருவர் இருமினார்.
“மரபு நடைக்கு வர்றவங்க முகம் சுளிப்பாங்களே?”
சுளிக்கட்டும் என்று சொல்லவில்லை நான்.
குறிப்பேட்டு ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அன்றிரவு தட்டச்சிட்டது:
பிரிவு இரண்டு. முகப்பு என்பது
வீதியிலிருந்து தெரியும் பக்கம்;
மேலும், யாரேனும் காத்து நிற்க வைக்கப்பட்ட
எந்தப் பக்கமும்.
பிரிவு பதினேழு. அத்தகைய திறப்பை
அடைக்கக் கூடாது. பெரிதாக்கக் கூடாது.
வர்ணம் கூடாது. பூந்தொட்டி கூடாது.
கல்லின் சரிவைச் சமன் செய்யக் கூடாது.

சட்டப்பிரிவு கோப்பைத் திருப்பியிருக்கிறது.
‘நிற்க வைக்கப்பட்ட’ — யாரால்?
தெளிவுபடுத்துக.

இன்னும் பதில் எழுதவில்லை.
பெயர்ப்பலகை எழுத்துக்கு மட்டும்
ஒன்றரை அடி என்று ஒப்புக்கொண்டார்கள்.
மாசாணி வேறொரு அளவை வேலைக்கு
உக்கடம் பக்கம் போய்விட்டாள்.
படிவம் நாற்பத்திரண்டில், ஆழம் என்ற கட்டத்தில்
‘முழங்கை வரை’ என்றே இருக்கிறது.
சென்டிமீட்டரில் மாற்றச் சொல்கிறார்கள்.