வெளிச்சம் போதவில்லை

நவம்பர் முடிவதற்குள்
நான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும்.

பிங்கர்போஸ்ட்டிலிருந்து மேடேறி வந்த ஆல்துரை
மெஷினை ஸ்வெட்டரில் துடைத்து நீட்டினார்.
கட்டைவிரல், ஆள்காட்டி, மறுபடி கட்டைவிரல்.
எதுவும் நானில்லையாம்.
முப்பத்தொரு வருஷ ரசாயனம்
ரேகையையும் கழுவிவிட்டிருக்கிறது.

"சரி, முகத்தைக் காட்டுங்க."
வெளிச்சம் போதவில்லை என்றது போன்.

சிரித்துவிட்டேன்.
ஃபிலிம் பேக்டரியில் ஒரு பீடிக்கங்கு போதும்,
ரோல் மொத்தமும் பாழ்.
கும்மிருட்டில் மோதிக்கொள்ளாமலிருக்க
அவரவர் பெயரைச் சொல்லிக்கொண்டே நடப்போம்:
இருதயராஜ் வரேன், இருதயராஜ் வரேன்.
அந்த இருட்டுக்கு இப்போது
மாதம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.

கேரட் பாத்தி ஓரம் நிறுத்தினார்.
மூடுபனி விலகும்வரை இரண்டு பேரும் நின்றோம்.
கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினேன்.
பச்சை டிக்.
"இன்னும் ஒரு வருஷம் இருக்கீங்க."

டீ ஆற்றும்போது கேட்டேன், உங்களுக்கு எப்போ?
மார்ச்சில்.
கிராமிய அஞ்சல், பென்ஷன் கிடையாது என்றார்,
சர்க்கரை வேண்டாம் என்கிற குரலில்.

பையை மாட்டிக்கொண்டு இறங்கினார்.
இவர் இருக்கிறாரா என்று கேட்டு
எந்த நவம்பரிலும் யாரும் மேடேறப் போவதில்லை.
இரண்டாம் வளைவில் பனி அவரை மூடியது.
பேரைச் சொல்லிக்கிட்டே போங்க
என்று கத்தினேன்.