மூன்றாம் தொகுதி

மைனஸ் முப்பத்தொன்று.
சாஸ்கட்டூனில் பேருந்து வரவில்லை, நான் வந்துவிட்டேன்.
மேசையில் பிராம்ப்டனிலிருந்து வந்த மூன்று புட்டிகள்:
சிறுகுறிஞ்சான் இலைச் சாறு,
தொகுதி ஒன்று, இரண்டு, மூன்று.
கூடவே பச்சை மையில் ஒரு துண்டுச் சீட்டு:
"நல்லபடியா எழுதித் தாங்கோ."

நல்லபடி என்றொரு கட்டம்
எங்கள் படிவத்தில் இல்லை.

முதலில் எரித்துச் சாம்பலை நிறுத்தேன்.
மண் கலந்தவன் சாம்பலில் அகப்படுவான்,
இவர் அகப்படவில்லை.
ஈயம் அளவுக்குள்.
ஒரு தட்டில் மட்டும் வெண்புள்ளி வளர்ந்தது;
அது என் இருமல் என்றாள் ஒக்சானா.
மறுபடி வைத்தோம். வளரவில்லை.

பிறகு தொண்ணூற்றாறு குழிகள்.
மாவை இனிப்பாக உடைக்கும் நொதியோடு
சாற்றை மோதவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
நொதி வென்றால் மஞ்சள்.
இலை வென்றால் நிறமே வராது.
எதுவும் நடக்காதிருப்பதுதான் இங்கே வெற்றி.

ஒன்றும் இரண்டும் வெளிறிய மஞ்சள்,
சுமாரான, நேர்மையான இலை.
மூன்றாவது
ஜூலை மாதத்துக் கனோலா வயல்.
அதில் இலை பேருக்குத்தான்.

ஆனால் பெட்டிக்குள் வாடிக்கையாளர் கடிதங்கள்
மூன்றைத்தான் புகழ்ந்தன.
"அஞ்சு நாளில் பதினாலு ஆறாச்சு."
"மூண்டு புள்ளி ஒண்டு, கை நடுங்கிச்சு,
அம்மாளாச்சி கண் திறந்திட்டா."

கை நடுங்கிச்சு என்ற இடத்தில்
பென்சிலை வைத்தேன்.

யாரும் கேட்காத சோதனை. இரவு ஒன்பது மணி.
நிறைமானியில் நானூற்றுத் தொண்ணூற்று நான்கு,
உடைத்தால் முந்நூற்று அறுபத்தொன்பது.
எந்தக் கொடியும் அந்த எண்ணில் காய்ப்பதில்லை.
கிளிபென்கிளமைடு.
மருத்துவர் சீட்டோடு வாங்கும் மாத்திரை
பச்சைக்குள் பொடியாய்ப் பதுங்கியிருந்தது.

மறுநாள் தொலைபேசியில் தவராசலிங்கம்.
பின்னால் கல்லாப்பெட்டி கீச்சிட்டது,
யாரோ முறுக்கு விலை கேட்டார்கள்.
"முதல் ரெண்டும் கேக்கேல்லையெண்டு
திருப்பிக் கொண்டந்தவை, தங்கச்சி.
கொஞ்சம் கடுமையா அனுப்பு எண்டுதான்
பொடிக்காரனிட்டச் சொன்னனான்.
வேற ஒண்டும் சொல்லேல்லை."

பாதி நம்பினேன்.
பாதிக்கும் கட்டம் இல்லை.
அறிக்கையில் எண்களை மட்டும் எழுதி
ஒட்டாவாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.
"விக்கிறதை நிப்பாட்டுங்கோ, இண்டைக்கே" என்றேன்,
அவர் பேச்சு என் வாயில் தொற்றியிருந்தது.

விதிப்படி செய்யக்கூடாததை அப்புறம் செய்தேன்.
ஒப்பீட்டுக்கு வைத்திருந்த உலர் இலை ஒன்றை
மென்றேன். கசப்பு.
ஒக்சானா வாங்கி வந்த டபுள் டபுள் காப்பியில்
பாலும் சூடும் இருந்தன,
சர்க்கரை இல்லை.
உறையைக் கிழித்து நாக்கில் கொட்டினேன்:
மணல்.

காலையில் என் விரல் சொன்ன எண்
ஒன்பது புள்ளி நான்கு.
அதை இதுவரை எவரிடமும் சொல்லவில்லை.

நிறுத்தத்தில் பனி தொடங்கியிருந்தது.
வாய் திறந்தேன்.
விழுந்தது பனிதானா என்று
நாக்கால் சொல்ல முடியவில்லை,
குளிர்ந்ததால் மட்டும் தெரிந்தது.