நான்கரை

வயது நாலு. குழாய் நான்கரை.
பினாங்கு பெரியாஸ்பத்திரி, ஜன்னலில்லாத அறை,
ஏசி பதினெட்டில்.

திவேனேஷ் தன் டைனோசரையும்
மயக்கிவிடச் சொல்கிறான்.
சரி, அதற்கும் ஒரு முகமூடி.
பலூன் ஊதலாம் வா என்கிறேன்.
ஸ்ட்ராபெரி மணம் நான் தடவியது,
உள்ளே வருவது செவோஃப்ளூரேன்.
தாடிகாவில் படித்ததை எண்ணுகிறான்:
சத்து, டுவா, தீகா—
எம்பாட் வரவில்லை.

பால் நிறத்தில் புரோபோஃபால் இறங்குகிறது.
அடினாய்டு, அரைமணி வேலை.
தசையை முடக்கும் மருந்து வேண்டாம்,
ஆழம் போதும் என்று முடிவு செய்தது நான்தான்.
ஆழத்துக்கு அளவுகோல் கிடையாது.

நாக்கை ஒதுக்கி விளக்கோடு இறங்கினேன்.
இரண்டு வெள்ளை நாண்கள்
துடித்தன.
அவசரப்பட்டிருக்கிறேன்.
தொட்டால் சாத்திக்கொள்ளும் கதவு அது,
அப்புறம் யார் தட்டியும் திறக்காது.

வெளியே வந்தேன்.
மறுபடி முகமூடி. இன்னும் ஒன்றரை மில்லி.
மிஸ்ஸி ரொஹானா கடிகாரத்தைப் பார்க்கவில்லை,
பார்க்காமலிருப்பது எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் முறை
என் மூச்சையும் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.
கடைசி ஃபெர்ரி போன பின் படகுத்துறை போல
அசையாமல் திறந்து கிடந்தன.
நான்கரை நழுவிப் போனது.
திரையில் கரியமில வாயு ஒரு மேடு,
இன்னொரு மேடு.
நானும் மூச்சு விட்டேன்.

படிவத்தில்: முயற்சி இரண்டு. சிக்கல் இல்லை.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி சட்டையோடு அம்மா,
"நல்லா தூங்கினானா டாக்டர்?"
நல்லா தூங்கினான்.

திரைக்குப் பின்னால் கரகரத்த குரலில் ஒரு சண்டை:
டைனோசரை அல்லவா
முதலில் எழுப்பியிருக்கணும்.