பொத்தான்

புளியரை பால்வாடி வாசல்.
மூன்றாவது நாளும்
இடுப்பை விட்டு இறங்க மறுக்கிறான் துருவன்.
"சொல்லாம நழுவிருங்க" என்கிறாள் ஆயா.
நேற்று அப்படித்தான் நழுவினேன்.
ராத்திரி முழுக்க
என் நைட்டி நுனியைப் பிடித்தபடியே தூங்கினான்.

இன்று சொல்லிவிட்டேன்:
"செக்போஸ்ட்டில் கோழி லாரிச் சக்கரத்துக்கு
அம்மா மருந்தடிக்கணும்.
சாம்பார் சாதம், தூக்கம், அப்புறம் நான்."
அவனுக்கு மணி தெரியாது,
சாதம் தெரியும்.

ஷீபா டீச்சர் "வா மோனே" என்று வாங்கியபோது
என் காக்கிக் கோட்டுப் பொத்தான்
அவன் கையோடு போயிற்று.

பகலெல்லாம் பை திறந்தே கிடந்தது.
கேரளத்து லாரிகள் வந்து நின்றன,
நனைந்தன, போயின.
நான் மட்டும் நாலு தடவை மணி பார்த்தேன்.

சாயங்காலம் உள்ளங்கை காலி.
"பொத்தான் எங்கடா?"

"அன்சில் அழுதான்ல,
குடுத்துட்டேன்."