மட்டம்

அப்புத்தளையில் ஒரு முழம் சமதரை கிடையாது.
ஒயில் பார்க்க வண்டி நிமிர்ந்து நிற்கவேண்டும்.
ஏழு வளைவு தேடி, கடைசியில்
கொழுந்து மடுவத்தின் சீமெந்துத் தரை.

எஞ்சின் அடங்கக் காத்திருந்தேன்.
கண்ணாடி வட்டத்தில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கறுப்பு.
அடி நட்டைக் கழற்ற,
யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தூரமெல்லாம்
சூடாக இறங்கியது ஒரு பழைய தாச்சிக்குள்.

நிறுக்க வந்த பூங்காவனம்
சாக்கை இறக்காமலே குனிந்தாள்.
"எவ்வளவு ஊத்துறீங்க?"
"மூன்று லீட்டர்."
"அதுல எவ்வளவு கழிப்பாங்க?"

விளங்கவில்லை.
தராசடியில் கணக்கப்பிள்ளை
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று,
எழுதிக்கொண்டிருந்தார்.

ஊற்றி, ஓடவிட்டு, நிறுத்தினேன்.
சாயத்தண்ணி நிறம் மெல்ல ஏறி
இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றது.
கறை படிந்த விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தக் கண்ணாடி மட்டும்
எங்க விக்கிறாங்க?"