தென்பக்கச் சுவர்

ஸ்ரான்லி வீதிக் கடையில் பெடியன்
இரண்டு வாளியை அருகருகே வைச்சான்.
ஒண்டு எட்டாயிரத்து நானூறு.
மற்றது இருபத்தோராயிரம்.
நிற அட்டையில் பாத்தால்
இரண்டும் ஒரே நீலம்.

"அன்ரி, இதுக்கு ஏழு வருஷக் கரன்ரி.
பாசி பிடியாது, வெயிலுக்கு வெளிறாது,
மழை வந்தால் தன்பாட்டில் கழுவுப்படும்."
இருபது வயதிருக்கும் அவனுக்கு.
ஏழு வருஷம் எண்டதை
அடுத்த சந்தி எண்ட மாதிரிச் சொன்னான்.

நான் தபாற்கந்தோரில் வேலை.
சின்ன எழுத்து எனக்குப் பழக்கம்.
வாளியைத் திருப்பி வாசிச்சேன்:
'ஈரமும் உவரும் இல்லாத,
முறைப்படி பூசிய சுவர்களுக்கு மட்டும்.'
பாசையூரில் அப்பிடியொரு சுவர் இருந்தால்
அதுக்குப் பெயின்ற் எதுக்கு?

பஸ்ஸில், பழைய உறையொண்டின் முதுகில்
கணக்குப் போட்டேன்.
இருபத்தோராயிரத்தை ஏழால் பிரிச்சால் மூவாயிரம்.
எட்டாயிரத்து நானூறு எங்கட பக்கம்
இரண்டு மாரிக்குத்தான் தாக்குப்பிடிக்கும்;
பிரிச்சால் நாலாயிரத்து இருநூறு.
அப்ப விலை கூடினதுதான் மலிவு.
கணக்கு வடிவாய்த்தான் இருந்தது.
வீட்டுக்கு மூண்டு வாளி வேணும் எண்டதைக்
குருநகர் தாண்டத்தான் நினைச்சேன்.
சீட்டுக்காசு ஐம்பதாயிரம்.
அதில் பொனிப்பாஸின்ரை கூலி பன்னிரண்டு.

அலோசியஸ் வலை பொத்திக்கொண்டு
தலை நிமிராமல் சொன்னார்:
"நல்ல பெயின்ற் வள்ளத்துக்கு அடிக்கிறது.
வீடு எங்கை மிதக்கப் போகுது?"
போன மாசம் வள்ளத்துக்கு
என்ன விலையில் வாங்கினவர் எண்டு
நானும் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை.

பொனிப்பாஸ் வந்து தென்பக்கச் சுவரைச் சுரண்டினான்.
பச்சை உரிஞ்சது.
அதுக்குக் கீழே, பாதை திறந்த புழுகத்தில்
நாங்கள் அடிச்ச மஞ்சள்.
அதுக்கும் கீழே ஒரு றோஸ்,
ஆர் அடிச்சதெண்டு எனக்குத் தெரியாது.
அங்கங்கை துளை அடைச்ச சீமெந்து,
ஒவ்வொண்டும் ஒவ்வொரு விதமாய் உறிஞ்சும்.
விரலைச் சுவரில் தேய்ச்சு
நாக்கில் வைச்சுப் பாத்தான்.
"உப்பு."

"இருபத்தோராயிரம் இதில் நிக்குமோ?"
"நிக்கும். கழுவோணும்.
கழுவிப்போட்டுக் காயவிடோணும்.
எத்தினை நாள் எண்டு சுவர்தான் சொல்லும், அக்கா."
திருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

மெற்றில்டா வேலிக்கு மேலாலை சொன்னாள்:
"சுருபம் வாறது றோட்டாலை.
நல்லதை முன்னுக்கு அடி.
பின்பக்கத்தை ஆர் பாக்கப் போயினம்?"

சோளகம் பாக்கும்.
வருஷத்தில் நாலு மாசம்
முகத்தை அந்தச் சுவரில் வைச்சுத் தேய்க்கிற காத்து.
எங்கட கட்டில் அதுக்கு இந்தப் பக்கம்;
மாரியில் தலகணி உறை பூஞ்சணம் மணக்கும்.
மகள் ஷரோனியின்ரை இருமல்
அந்தச் சுவரோடைதான் படுக்கிறது.

அடுத்தநாள் கடைக்குப் போய்
நல்லதில் ஒண்டு, மலிவில் இரண்டு எண்டேன்.
முப்பத்தேழாயிரத்து எண்ணூறு.
மிச்சம் இருநூறு.
ஓட்டோக்காரன் அறுநூறு கேட்டான்.

முன்சுவர் மலிவு நீலத்தில்
திருநாளுக்குப் பளிச்செண்டு நிண்டது.
சுருபம் போனது, ஆக்கள் பாத்தவை,
"எந்தப் பெயின்ற்? நல்ல வடிவு" எண்டும் கேட்டவை.
மெற்றில்டா என்னைப் பாத்துச் சிரிச்சாள்.

பின்சுவர் கழுவின மேனியோடை
மூண்டு நிறமும் தெரியக் காயுது.
கதிரை காணாமல்
மன்னாரிலிருந்து வந்த மச்சான்
இருபத்தோராயிரத்துக்கு மேலை குந்தியிருந்து
றோல்ஸ் சாப்பிட்டார்.

விடியக்காலமை பொனிப்பாஸ் சைக்கிளை நிப்பாட்டுவான்,
சுவரைத் தொடுவான், நாக்கில் வைப்பான்.
"இன்னும் கொஞ்சம் இருக்கு."
நேற்று, அவன் வாறதுக்கு முன்னம்,
நானும் ஒருக்கால் வைச்சுப் பாத்தேன்.